மூன்று படம், ஒரு விலை

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். சுழி பார்ப்பார்கள். நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். அதற்கப்புறம்தான் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவது. நியூஜெர்சியில் குடியிருந்த காலத்தில் நான் ஒரு பழைய அக்கூஸ்டிக் கிட்டாரை இதில் ஒன்றைக்கூடச் செய்யாமல் வாங்கினேன். பல மாநிலங்களில் கிளை வைத்திருக்கும் ஓர் இசைக்கருவிக் கடையின் இணையப் பக்கம். மூன்று படம், 'கிரேட்' என்று ஒரே ஒரு சொல், 640 டாலர் என்று விலை. கிட்டார் இருந்த கிளை நாலு மாநிலம் தள்ளி. எந்தக் கடை என்பது வேண்டாம்; சொல்லப்போகிற விஷயம் எல்லாக் கடைக்கும் பொது.

ஐந்தாம் நாள் பெட்டி வந்தது. மேல்பலகையில் ஒரு கீறல் இல்லை. முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த முதல் மூன்று உலோகக் கோடுகளுக்குள், கார்டு பிடித்தால் தேன். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு ஏறினால் கம்பி விரலை அறுத்தது. வீட்டிலிருந்த ஸ்டீல் ரூலரை ஃப்ரெட்டுகளின் மேல் படுக்கவைத்துத் தள்ளினேன். ரூலரின் நுனி, கம்பிகளைப் பெட்டியில் பிடித்திருக்கும் பிரிட்ஜின் மேல்விளிம்பில் போய் உட்கார வேண்டும். இதில் பிரிட்ஜின் நெற்றியில் முட்டி நின்றது. பக்கத்து ஊரில் கிட்டார் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ரூலரைத் தொடவே இல்லை. ஒற்றைக் கண்ணை மூடி நெக்கின் நீளத்துக்குப் பார்த்துவிட்டு, கழுத்து சாய்ந்துவிட்டது என்றார். அக்கூஸ்டிக் கிட்டாரில் ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு சுமார் 70 கிலோ. ஒரு வளர்ந்த ஆளை வருஷக் கணக்கில் மெல்லிய பலகைப் பெட்டியில் தொங்கவிட்டால் பெட்டி என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருந்தது. நெக்கைக் கழற்றி, அடியைச் சீவி, கோணத்தைத் திருத்தி மறுபடி ஒட்ட வேண்டும். நெக் ரீசெட் என்று இதற்குப் பெயர். கூலியைக் கேட்டால் கிட்டார் விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

வீட்டுக்கு வந்து அந்த மூன்று படங்களை மறுபடி திறந்தேன். இரண்டாவது படத்தில் எல்லாமே இருந்தது. பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் வெள்ளை எலும்புப் பட்டை, சேடில், நகக்கண் அளவுகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. கம்பி உயர உயர முன்னாள் சொந்தக்காரர் சேடிலைத் தேய்த்துத் தேய்த்துத் தாழ்த்தியிருக்கிறார். இனித் தேய்க்க இடமில்லை என்று ஆனதும் கடையில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். படம் ஒன்றையும் மறைக்கவில்லை. எடுத்தவருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை, வாங்கிய எனக்கும் தெரியவில்லை.

இந்த இரட்டை அறியாமைதான் பெரிய கடைகளின் பழைய சரக்கு வியாபாரத்துக்கு அச்சாணி என்று நினைக்கிறேன். அங்கே ஏமாறுகிறவர்களும் அங்கே அதிர்ஷ்டம் அடிக்கிறவர்களும் ஒரே காரணத்தால்தான் ஏமாறுகிறார்கள், ஒரே காரணத்தால்தான் ஜெயிக்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்த வியாபாரத்தின் ராட்சத உருவம் கிட்டார் சென்டர். 1959இல் ஹாலிவுட்டில் வெய்ன் மிட்செல் என்பவர் வீடுகளுக்கும் தேவாலயங்களுக்கும் மின்னணு ஆர்கன் விற்க ஆரம்பித்த கடை அது. பெயரே ஆர்கன் சென்டர்தான். அறுபதுகளில் வாக்ஸ் ஆம்ப்ளிஃபயர்களை வாங்கி விற்றபோது வாக்ஸ் சென்டர் ஆனது. அந்த மோகம் தணிந்ததும் கிட்டார் சென்டர். காற்று அடிக்கிற பக்கம் பலகையைத் திருப்பும் சாமர்த்தியம் ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது. கிளைகள் இன்று 300ஐ ஒட்டி. 2007இல் முதலீட்டு நிறுவனமான பெய்ன் கேப்பிட்டல் 210 கோடி டாலருக்கு வாங்கியது. அப்போது ஏறிய கடன் சுமை கழுத்தைவிட்டு இறங்கவே இல்லை; 2020 நவம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போய், அடுத்த மாதமே வெளியே வந்தது. போட்டியாளரான சாம் ஆஷ், 1924இல் தொடங்கிய குடும்பக் கடை, 2024இல் எல்லாக் கிளைகளையும் மூடியது. நூறு வருஷக் கடை.

புதுச் சரக்கில் கிடைக்கும் லாபம் மெலிந்துகொண்டே போகும் தொழில் இது. ஒரே மாதிரி ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் எல்லாக் கடையிலும் ஒரே விலை. உற்பத்தியாளர் நிர்ணயிக்கும் விலைக்குக் கீழே விளம்பரம் செய்ய முடியாது. பழைய சரக்கில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கடைக்காரர் வாங்கும் விலையையும் அவரே சொல்கிறார், விற்கும் விலையையும் அவரே ஒட்டுகிறார். கிட்டாரைக் கொண்டுபோய்க் கொடுத்தால், விற்கக்கூடிய விலையில் பாதியை ஒட்டித்தான் கைக்கு வரும் என்பது கொடுத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆகவே கிளை தவறாமல் சுவரில் ஒரு பகுதி பழைய சரக்குக்கு. அந்தச் சுவர்களையெல்லாம் ஒரே இணையப் பட்டியலாகக் கோத்ததுதான் பெரிய மாற்றம். டெக்சாஸில் ஒரு கிளையின் மூலையில் ஆறு மாதம் தூசி குடித்த கிட்டார் பெடலை மெய்ன் மாநிலத்தில் ஒருவர் படுக்கையில் சாய்ந்தபடி வாங்கிவிடலாம்.

இதே கிட்டார் சென்டர் 2004இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் 'பிளாக்கி' கிட்டாரை 9,59,500 டாலருக்கு எடுத்தது. பிளாக்கியின் கதை எனக்குப் பிடிக்கும். 1970இல் நாஷ்வில்லில் ஒரு கடையில் கிளாப்டன் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் ஆறு வாங்கினார். அப்போது அவற்றை யாரும் சீந்தவில்லை, விலை மலிவு. மூன்றை ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் என்று நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்தவற்றில் ஒன்றின் உடம்பு, இன்னொன்றின் கழுத்து என்று நல்லதாகப் பொறுக்கிச் சேர்த்ததுதான் பிளாக்கி. பேர் தெரியாத யாரோ இன்று அதே மாதிரி சேர்த்த கிட்டாரை ஒரு கிளையில் கொண்டுபோய்க் கொடுத்தால் கவுண்டரில் இருப்பவர் உதட்டைப் பிதுக்குவார். உதிரிபாகங்களில் செய்த கிட்டாருக்கு இந்தச் சந்தையில் 'பார்ட்ஸ்காஸ்டர்' என்று பெயர், அந்தச் சொல் விழுந்ததுமே விலை சரியும்.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் என்ன நடக்கும் என்று 1970இல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் பழைய கார்களை வைத்து எழுதினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்தக் கட்டுரை முக்கியக் காரணம். நல்லதையும் சொத்தையையும் பிரித்தறிய முடியாதபோது வாங்குபவர் எல்லாவற்றுக்கும் சராசரி விலையையே கொடுக்கத் தயாராவார், நல்ல சரக்கு வைத்திருப்பவர் சந்தையை விட்டே விலகுவார் என்பது சாரம். தனி ஆளிடம் தனி ஆள் வாங்கும் கிட்டார் சந்தைக்கு இது அப்படியே பொருந்தும். 2013இல் சிகாகோ கிட்டார் கடைக்காரர் டேவிட் கால்ட் தொடங்கிய ரிவெர்ப் தளம், விற்பவருக்கு மதிப்பெண், பழைய விற்பனை விலைகளின் பதிவு, பணத்துக்குப் பாதுகாப்பு என்று இந்த நோய்க்கு மருந்து தேடியது. 2019இல் அதை எட்ஸி நிறுவனம் 27.5 கோடி டாலர் கொடுத்து வாங்கி, 2025இல் கைமாற்றிவிட்டது. இண்டியானாவின் ஸ்வீட்வாட்டர் 2021இல் கியர் எக்ஸ்சேஞ்ச் என்று தன் பங்குக்கு ஒன்று திறந்தது.

பெரிய கடையில் நிலைமை வேறு. ஏகர்லாஃப் சொன்ன விற்பவர், சரக்கின் சொத்தையை அறிந்தவர். இங்கே அறிந்தவர் கிட்டாரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது விற்கும் கடைக்கும் தெரியாது. கவுண்டரில் நிற்கும் பையனுக்கு ஒரே பிற்பகலில் ஒரு ட்ரம் செட், ஒரு டிஜே கன்ட்ரோலர், இரண்டு கிட்டார், ஒரு பை நிறைய மைக் என்று வரும். எல்லாவற்றையும் சோதித்து, படம் எடுத்து, 'எக்ஸலண்ட்', 'கிரேட்', 'குட்', 'ஃபேர்' என்று ஒரு தரம் சூட்டி ஏற்ற வேண்டும். ட்ரம்ஸ் வாசிப்பவர் கிட்டாருக்குத் தரம் போடுகிறார், கிட்டார் வாசிப்பவர் சிந்தசைசருக்குப் போடுகிறார். தரம் என்பது பெரும்பாலும் கீறலின் கணக்கு. தோலைப் பார்த்துச் சொல்வது. என் கிட்டார் தோலுக்கு 'கிரேட்'தான். எலும்புக்குத்தான் இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. கிட்டார் தெரியாதவர் போட்ட விலையில் கிட்டார் தெரிந்தவர் லாபம் பார்ப்பார். பொத்தாம் பொதுவாக 'எலக்ட்ரிக் கிட்டார், சன்பர்ஸ்ட்' என்று மட்டும் எழுதி, ஜப்பானில் எண்பதுகளில் செய்த நல்ல கருவியைச் சாதாரண விலைக்குப் போட்டிருப்பார்கள். பெயரைத் தப்பாக எழுதியிருப்பார்கள், தேடுகிறவர் கண்ணில் படாது. காலையில் காப்பிக்கு முன்னால் புதிதாக ஏறிய பட்டியலை வரிசையாகப் புரட்டும் ஒரு கூட்டமே இருக்கிறது. அவர்கள் எழுத்தைப் படிப்பதில்லை, படத்தைத்தான் படிக்கிறார்கள்.

அப்படிப் படிக்க வேண்டிய இடங்களில் முதலாவது, பெரும்பாலும் எடுக்கப்படாத ஒரு படம்: தலைப்பகுதிக்குக் கீழே, நெக்கின் பின்பக்கம். கிப்சன் லெஸ் பால் வகைக் கிட்டார்களின் தலை பின்னால் 17 பாகை சாய்ந்திருக்கும். நெக் ஒரே மஹோகனித் துண்டு. மரத்தின் நார் நேராக ஓடுகிறது, தலை மட்டும் சாய்கிறது, ஆகவே வளைவில் நார் குறுக்கே வெட்டுப்பட்டு நிற்கும். போதாததற்கு, நெக்குக்குள் ஓடும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருகுவதற்காக அதே இடத்தில் குழி தோண்டியிருப்பார்கள். கிட்டாரைச் சுவரில் சாய்த்துவைத்து, அது சரிந்து விழுந்தால், உடைவது அங்கேதான். நன்றாக ஒட்டினால் முன்னைவிட உறுதியாகவே நிற்கும், ஒலியில் வித்தியாசம் சொல்ல முடியாது; ஆனால் விலை பாதியை ஒட்டி இறங்கிவிடும். மறுபடி விற்கிற எண்ணம் இல்லாமல் வாசிக்க மட்டும் வாங்குகிறவருக்கு, ஒழுங்காக ஒட்டிய லெஸ் பாலைவிடச் சிக்கனமான கருவி கிடையாது என்பது என் கட்சி. ஒட்டியதைச் சொல்லாமல் முழு விலை கேட்டால் அது வேறு கதை. தலைக்குப் பின்னால் படம் இல்லையென்றால் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்து சீரியல் எண். கிப்சன் 1977இலிருந்து பல வருஷங்களுக்கு எட்டு இலக்க எண் பதித்தது. முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்தால் வருஷம். நடுவிலுள்ள மூன்றும் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. 91225367 என்று இருந்தால் 1995ஆம் வருஷத்தின் 122ஆவது நாள், அதாவது மே 2. பட்டியலில் '2001 மாடல்' என்று எழுதிவிட்டுப் படத்தில் இந்த எண் இருந்தால், ஒன்று எழுதியவர் கவனிக்கவில்லை, அல்லது கிட்டாரே போலி. பெரும்பாலும் முதலாவதுதான். போலிக் கிப்சன்களும் கவுண்டரைத் தாண்டி வந்துவிடுவது உண்டு.

சொற்களில் ஏமாறக் கூடாதது 'லாசூட்', அதாவது வழக்கு. 1977இல் கிப்சனின் தாய் நிறுவனம், ஐபனேஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்கர் நிறுவனத்தின்மேல் தலைப்பகுதி வடிவத்துக்காக வழக்குப் போட்டது. ஒரு நிறுவனத்தின்மேல் ஒரு வழக்கு. அதற்கப்புறம் எழுபதுகளில் ஜப்பானில் செய்த எந்த நகலையும், ஒட்டுப்பலகையில் செய்ததைக்கூட, 'லாசூட் காலத்துக் கிட்டார்' என்று சொல்லி நூறு டாலர் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. 'வின்டேஜ்' என்ற சொல்லைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். 2005இல் செய்த கிட்டாருக்கு அப்படிப் போட்டிருந்ததைப் பார்த்து, நானும் வின்டேஜ்தான் என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

கிட்டார் ஒரு வகையில் நேர்மையான பொருள். குறை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். ட்ரம் சிம்பலும் அப்படித்தான்: விளிம்பில் மயிரிழை விரிசலும், நடு ஓட்டை சாவித் துவாரம்போல நீண்டிருப்பதும் படத்தில் சிக்கும். மின்சாரம் ஓடும் பொருள்கள் அப்படியில்லை. வால்வ் ஆம்ப்ளிஃபயரில் வால்வ் தேய்ந்திருக்கலாம், மின்தேக்கிகள் உலர்ந்திருக்கலாம். பத்து நிமிஷம் போட்டுப் பார்த்தால் நன்றாகவே பாடும், நாற்பதாவது நிமிஷம் சுருதி இல்லாமல் முனகும். அணைத்த பிறகும் உள்ளே பல நூறு வோல்ட் தங்கியிருக்கும். தெரியாதவர் மூடியைத் திறக்கவே கூடாது. மைக்கில் போலி அதிகம். ஷ்யூர் எஸ்எம்58 எடை 298 கிராம். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தாலே சில போலிகள் மாட்டிக்கொள்ளும்.

கீபோர்டைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், நம்மவர்கள் அமெரிக்காவிலிருந்து ஊருக்குத் தூக்கிவருவது அதைத்தான். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7ஐ இன்றும் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். அதன் ஒலிகள் நினைவில் நிற்பது உள்ளே சாலிடர் செய்த ஒரு சிறு பேட்டரியின் புண்ணியத்தில். அது செத்தால் சேமித்ததெல்லாம் போச்சு. பயப்பட வேண்டிய குறையில்லை, மாற்றிவிடலாம். 1991இன் ரோலண்ட் ஜேடி-800இல் இருப்பது வேறு ரகம். கட்டைகளுக்குக் கனம் கொடுக்க அடியில் எடையை ஒட்டிய சிவப்புப் பசை வருஷங்கள் போகப் போக இளகி வழிந்து, கட்டைகளை ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கிறது, உள்ளே போர்டிலும் சொட்டுகிறது. மேலே துடைத்துப் படம் எடுத்தால் பளபளவென்று இருக்கும். ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக ஒருமுறை, ஓங்கி ஒருமுறை அடித்துப் பார்க்காமல் பழைய கீபோர்டுக்குத் தரம் சொல்வது ஜோசியம். மெதுவாகத் தட்டினாலும் ஒரு ஸ்வரம் மட்டும் அலறினால் அடியிலுள்ள ரப்பர் தொடுப்பில் அழுக்கு. சுத்தம் செய்தால் போய்விடும், அதையே காரணம் காட்டி விலையைக் குறைக்கக் கேட்கலாம்.

இன்னொன்று, அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், நம் ஊரில் 230. இப்போதைய கருவிகளின் அடாப்டர்கள் பெரும்பாலும் இரண்டையும் தாங்கும். டிரான்ஸ்பார்மர் உள்ளேயே இருக்கும் பழைய சிந்தசைசர்களும் ஆம்ப்ளிஃபயர்களும் தாங்காது. பின்பக்கத்து ஸ்டிக்கரில் 120 என்று மட்டும் போட்டிருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் சென்னையில் சொருகக் கூடாது. சொருகிய ஒருவரின் வீட்டில் அந்த வாசனையை நான் முகர்ந்திருக்கிறேன்.

ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் மாதிரிப் பொருள்களில் மரமும் இல்லை, பசையும் இல்லை, குறை வேறிடத்தில். ஃபயர்வயர் துளை உள்ள இன்டர்ஃபேஸ் எவ்வளவு மலிவாக வந்தாலும், அதைச் சொருக இன்றைய கணினியில் இடம் இல்லை. சிலவற்றின் மென்பொருள் உரிமம் முன்னாள் சொந்தக்காரரின் கணக்கோடு கட்டிப்போட்டிருக்கும். அவர் யாரென்று கடை சொல்லாது. இந்த வகையை நான் பெரிய கடையில் பழையதாக வாங்குவதே இல்லை.

திருட்டுச் சரக்கு பற்றி பயப்படுகிறவர்கள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் பெரிய கடை தனி ஆளைவிட மேல். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் பழைய பொருள் வாங்கும் கடைகள் விற்பவரின் அடையாள அட்டையைப் பதிந்து, சீரியல் எண்ணைக் காவல் துறைக்குத் தெரிவித்து, சட்டம் சொல்லும் காலம்வரை பொருளை விற்காமல் வைத்திருக்க வேண்டும். கிட்டார் பட்டியலில் இருந்தும் அனுப்பத் தாமதமானால் சில சமயம் காரணம் இதுவாக இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு: பொருள் ஒன்றே ஒன்று. நீங்கள் இணையத்தில் பணம் கட்டிய அதே மணி நேரத்தில் அந்தக் கிளைக்குள் நடந்துவந்த ஒருவர் அதை வாங்கிப் போயிருப்பார். ஆர்டர் ரத்து என்று மறுநாள் ஒரு மின்னஞ்சல் வரும்.

பெட்டி வந்த பிறகு செய்ய வேண்டியது, பெரும்பாலோர் செய்யாதது, காத்திருப்பது. பழைய கிட்டார்கள் பலவற்றில் நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ் பூச்சு. ஜனவரியில் உறைபனியில் இரண்டு நாள் லாரியில் கிடந்த கிட்டாரை ஹீட்டர் ஓடும் அறையில் உடனே பிரித்தால், மரம் ஒரு வேகத்திலும் பூச்சு ஒரு வேகத்திலும் விரிந்து, கண்ணெதிரே பூச்சு சிலந்தி வலைபோல வெடிக்கும். பெட்டியைப் பிரிக்காமல் ஒரு நாள் வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமை இருந்ததில்லை. அடுப்படியில் பால் பொங்கக் காத்திருப்பதைப்போலப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

எல்லை தாண்டும்போது மரமே வில்லங்கம். பிரேசில் ரோஸ்வுட் 1992இலிருந்து சர்வதேச வணிகத்துக்குத் தடையான பட்டியலில் இருக்கிறது. அந்த மரம் கிடைப்பது அரிதானதும் கிட்டார் செய்யும் மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது வேறொன்றுமில்லை, நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் வளரும் நம்முடைய ஈட்டி மரம், தோதகத்தி. எத்தனையோ அமெரிக்கக் கிட்டார்களின் முதுகும் விலாவும் விரல்பலகையும் நம் மலையிலிருந்து போனவை. 2017 ஜனவரியில் அந்தக் குடும்பத்து மரங்கள் அத்தனையும் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தன. பழைய கிட்டார் ஒன்றை வேறு நாட்டுக்கு விற்கக்கூடச் சான்றிதழ் தேவைப்பட்டது, வியாபாரம் தடுமாறியது. 2019 நவம்பர் கடைசியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு விலக்கு இல்லை. ஆகவே 1960களின் மார்ட்டின் ஒன்றை அமெரிக்கக் கிளையில் வாங்கி ஊருக்குக் கொண்டுவர நினைப்பவர், விலையைக் கேட்பதற்கு முன்னால் மரத்தைக் கேட்க வேண்டும்.

விலைக்கு வருவோம். மெக்சிகோவில் செய்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் புதிதாக 800 டாலரை ஒட்டி என்றால், அதே வகை பழையது 500 டாலர் சுற்றி. வித்தியாசம் 300. இதில் அனுப்பும் செலவு, வந்ததும் ஃப்ரெட்டைச் சீர்செய்து கம்பி மாற்றி ஒழுங்குபடுத்தும் கூலி எல்லாம் போனால் கையில் நிற்பது நூறோ நூற்றைம்பதோ. அவ்வளவுதானா என்றால், அவ்வளவுதான். ஆனால் வாங்கிய விலைக்கே அடுத்த வருஷம் தனி ஆளுக்கு விற்கலாம். புதிதாக வாங்கியவரால் முடியாது. தேய்மானத்தை முதல் ஆள் கட்டிவிட்டார்.

இந்தக் கணக்கை ஈடுகட்டுவது, திருப்பிக் கொடுக்கும் உரிமை. தனி ஆளிடம் வாங்கினால் பெட்டி கட்டி, தபால் செலவு செய்து, வாக்குவாதம் செய்து அனுப்ப வேண்டும். கிளைகள் உள்ள கடையென்றால் பக்கத்துக் கிளைக்குக் காரில் கொண்டுபோய்க் கவுண்டரில் வைத்துவிட்டு வரலாம். அனுப்பிய செலவு திரும்பாது, பொருளின் விலை திரும்பும். எத்தனை நாள் அவகாசம் என்பது கடைக்குக் கடை, வருஷத்துக்கு வருஷம் மாறும். வாங்குகிற அன்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதே சட்டம். மூன்று படத்துக்கும் ஒரு சொல்லுக்கும் நாம் கொடுக்கும் பணத்தில் கணிசமான பங்கு உண்மையில் அந்தப் பொடி எழுத்துக்குத்தான். அருகில் கிளை இல்லாத ஊர்க்காரருக்கு இதே கிட்டார் இதே விலைக்கு அவ்வளவு லாபமில்லை என்றும் இதற்கு அர்த்தம்.

என் கழுத்து சாய்ந்த கிட்டாரை இருபது நிமிஷம் காரோட்டிப்போய்த் திருப்பிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண்மணி காரணம் கேட்டார். நெக் கோணம், ரீசெட் தேவை, சேடில் தேய்ந்திருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கவனமாகத் தலையாட்டியபடி கணினியில் எதையோ தட்டினார். ரசீதில் பார்த்தால் காரணம் என்ற இடத்தில் 'மனம் மாறினார்' என்று இருந்தது. பத்து நாள் கழித்து அதே கிட்டார் அந்தக் கிளையின் பெயரில் மறுபடி பட்டியலில் ஏறியது. புதுப் படம் மூன்று. தரம் 'கிரேட்'. விலை 620.

அடுத்த கிட்டாருக்கு நான் முதலில் போன் செய்தேன். ஒஹையோவில் ஏதோ ஒரு ஊரின் கிளை. எடுத்த பையனிடம், சுவரிலிருக்கும் அந்தக் கிட்டாரை இறக்க முடியுமா என்றேன். இறக்கினான். ஸ்கேல் இருக்கிறதா? இல்லை. பாக்கெட்டில் சில்லறை? இருந்தது. குவாட்டர் நாணயத்தின் கனம் 1.75 மில்லிமீட்டர், டைம் நாணயம் 1.35. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே, தடித்த கம்பிக்கு அடியில் குவாட்டர் நுழைகிறதா? தாராளமாக நுழைகிறது என்றான். குவாட்டரோடு டைமையும் சேர்த்துப் பிடித்து? கொஞ்ச நேரம் சத்தமில்லை. போகவில்லை, கம்பி தூக்குகிறது என்றான். எனக்கு மூச்சு வந்தது. சேடில் எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது? அதற்கும் ஒரு நாணயத்தை நிறுத்திப் பார்த்துச் சொன்னான். தலைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தான், விரிசல் இல்லை. கடைசியாக, ஒவ்வொரு கம்பியாக எல்லா ஃப்ரெட்டிலும் வாசித்துக் காட்டச் சொன்னேன். போனை எங்கேயோ சாய்த்துவைத்துவிட்டு ஆரம்பித்தான். இரண்டாவது கம்பியிலிருந்து ஒவ்வொன்றும் கரகரத்தது.

"ஃப்ரெட் தேய்ந்திருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இல்லை சார், அது என் விரல்," என்றான். "நான் ட்ரம்ஸ் வாசிக்கிறவன். இருங்க, கிட்டார் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வரேன்."